மூணு தண்ணி பேராசிரியர்

விஞ்ஞானிகளில் ‘கொத்துக்காரர்’ என்றோர் இனம் உண்டு; மூலக்கூறுகளைச் சிறு கொத்தாகச் சேர்த்து ஆராய்கிறவர். கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நீங்களும் நானும் காலையாவது நனைப்போம். இவர் நனைக்க மாட்டார். காற்றை உறிஞ்சியெடுத்த எஃகு உருளைக்குள் ஒற்றை அமில மூலக்கூறை மிதக்கவிட்டு, அதன்மேல் நீர் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, லேசரால் தட்டிப் பார்த்து, குடுவை நிறைந்த அமிலக் கரைசலுக்குள் நடப்பதையெல்லாம் சொல்லிவிடுவார். நல்ல வித்தைதான். குடுவைக் கூட்டத்துக்குள் யார் யாரை இழுக்கிறார் என்று எவருக்குத் தெரிகிறது? சிக்கல், எங்கே நிறுத்துவது என்பதில்தான்.

எனக்குத் தெரிந்த பேராசிரியர் மூன்றில் நிறுத்தினார். மாணவர்கள் வைத்த பெயர் ‘மூணு தண்ணி’. புதிதாக வருகிறவர்கள் சற்றுத் தள்ளி நின்றே வணக்கம் சொல்வார்கள்.

மூன்று நீர் சூழ்ந்தும் அமிலம் தன் ஹைட்ரஜனை விடவில்லை. ஆகவே அதைப் பிரிக்க நீரின் பெருங்கூட்டமே வேண்டும் என்று கட்டுரை எழுதத் தொடங்கினார்.

“சார், இன்னும் ஒண்ணு சேத்துப் பாக்கலாமா?” என்றாள் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய பட்டம் அந்தக் கட்டுரையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

“மூணு போதும்மா. நாலாவது வந்து என்ன கிழிக்கப் போகுது?”

அதே வாரம் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. வீட்டையும் தம் முறைப்படியே ஆராய்ந்தார். மனைவியைச் சமையலறையில் ‘போகலாமா?’ என்று கேட்டார்; பதில்: “உங்க இஷ்டம்.” மகளைக் காரில்: “சரிப்பா.” கூடவே இருக்கும் மாமனாரை மருந்துக்கடை வாசலில்: “நீங்க சொன்னா சரி, மாப்ளே.” வேறென்ன வேண்டும்? ‘வருகிறேன்’ என்று பதில் அனுப்பிவிட்டு, ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார்.

“அப்போ அம்மா வேலைய விடணுமா?” என்று மகள் தட்டைத் தள்ளினாள்.

“என்னை எங்க விட்டுட்டுப் போறீங்க?” என்றார் மாமனார்.

“அப்பாவ விட்டுட்டு நான் வரல” என்றாள் மனைவி.

“தனித்தனியா கேட்டப்போ எல்லாரும் சரின்னீங்களே!”

“தனியா கேட்டா வேற என்ன சொல்றது? சேத்து உக்கார வெச்சுக் கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

மறுநாள் மாணவி ஒரு வரைபடத்தை நீட்டினாள். அவருக்குத் தெரியாமல் நாலாவது நீரை ஒட்டியிருந்தாள். அமிலம் ஹைட்ரஜனைக் கழற்றிக் கொடுத்திருந்தது. வாங்கிப் பார்த்தார்.

“எனக்கு அப்பவே தோணிச்சு” என்றார்.

ஆனாலும் கட்டுரையில் அவள் பெயரை முதலில் போட்டார். வெளிநாட்டுக்கு ‘வரவில்லை’ என்று எழுதினார்.

“சார், அஞ்சாவது?”

“நாலு போதும்மா.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரே ஒரு பேராசிரியரைக் காட்டி ஓர் இனத்தையே அளந்துவிட்டேன். இன்னொருவரைக் காட்டு என்று கேட்காமல் இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தது யார்?