கவர் கழற்றாத எட்டு பேட்ஜ்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதினேன். உண்மையில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் உன் ஆய்வுக்கூடத்து எலிகளும் சௌக்கியம்தானே? சரி, உட்கார்ந்துகொண்டு படி. அண்ணன் ஒரு காரியம் பண்ணிவிட்டேன்.

பசை அறையில் செருப்பு ஒட்டும் உன் அண்ணிக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் ஆறு மாதமாகிறது, ஊசி கையில் நிற்கவில்லை என்கிறாள், எல்லாம் எங்கள் செருப்புக் கம்பெனிப் பசையின் வேலையாக இருக்கும் என்று சொல்லி நீ நேரில் வந்து மேனேஜரிடம் மல்லுக்கு நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர், "இருபது வருஷமா இதே பசைதான்மா, யாராவது செத்தாங்களா?" என்றார். நீ, "செத்தாத்தான் விஷமா சார்? எவ்வளவு, எத்தனை நாள், எந்த வழியா உள்ள போச்சுன்னு பார்க்கணும். நீங்க போடற காய்ச்சல் மாத்திரையே அந்தக் கணக்குலதான் மருந்தா இருக்கு" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் அவரும், "சரி, அளந்து பாருங்க. அளவு மீறியிருந்தா புது எக்ஸாஸ்ட் ஃபேன், வேற பசை. இல்லைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று ஒப்புக்கொண்டார்.

சட்டையில் குத்திக்கொண்டால் காற்றில் கலந்த பசை ஆவியைப் பிடித்துவைக்கும் என்று நீ கொடுத்த பேட்ஜ்களில் எட்டு பசை அறைக்கு, இரண்டு ஆபீசுக்கு. "ஆபீஸ்காரங்களுக்கு எதுக்கும்மா?" என்றேன். "ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா அண்ணா?" என்றாய். அதற்கப்புறம் தனியாக ஒரு பேட்ஜை என் கையில் வைத்து, "இதை மட்டும் கவரிலிருந்து எடுக்கவே கூடாது, அப்பதான் கணக்கு சரியா வரும்" என்றாயா, அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ஒன்றைப் பிரிக்காமல் வைத்தாலே கணக்கு சரியாக வரும் என்றால், எட்டையும் பிரிக்காமல் வைத்தால் எவ்வளவு சரியாக வரும்! நம் வீட்டு டிவி ரிமோட்டையே பத்து வருஷமாக நான் கவரோடு வைத்திருப்பது உனக்குத் தெரியும். உன் அண்ணி, "கவரோடயேவாங்க குத்திக்கணும்?" என்று கேட்டாள். "நீ சும்மா இரு, படிச்சவ சொல்லியிருக்கா" என்று அதட்டினேன். எட்டு பேரும் எட்டு மணி நேரம் பளபளவென்று கவரோடு குத்திக்கொண்டு வேலை செய்தார்கள். பாவம், ஓயாமல் தும்முவதால் 'தும்மல்' என்றே நாங்கள் கூப்பிடும் பையன்கூட அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தும்மினான்.

திங்கட்கிழமை உன் ஆய்வுக்கூடத்திலிருந்து எண்கள் மட்டும் வந்தன. விளக்கம் பின்னால் வருமாம். பசை அறையில் ஒன்றுமே இல்லை. ஆபீசில் இருக்கிறது! அதிலும் மேனேஜர் பேட்ஜில்தான் அதிகம். ஆபீஸ்காரர்கள் கவரைக் கழற்றிவிட்டுத்தான் குத்தியிருந்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது, என் தப்பும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் அறைப் புகைக்குழாய் அவர் ஜன்னலுக்கு அடியில்தான் மூச்சு விடுகிறது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மனுஷர் ஃபேன் பேச்சைக் கிழித்துப் போட்டுவிட்டு, "உங்க ரூம்தான்யா சுத்தம், வெள்ளிக்கிழமை என் மேஜையை அங்க போடுங்க" என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்ல மூன்று தடவை அவர் கதவு வரை போனேன். மூன்று தடவையும் "தண்ணி கேன் மாத்தணுமா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். இப்போது அங்கே மூன்று புதுக் கேன் நிற்கிறது. வேலை போனாலும் பரவாயில்லை தங்கச்சி, என் முட்டாள்தனத்தால் உன் அண்ணியின் விரல் போய்விடக் கூடாது. நேற்று தம்ளரை நழுவவிட்டு, "ஒண்ணுமில்லைங்க" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீதான் எப்படியாவது மறுபடி அளக்க வழி பண்ண வேண்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நூறு வயது இருந்து, என் மாதிரி அண்ணன்களைத் திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு, அண்ணன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் இரண்டு மாதத்துக்கு முந்தியது. தபாலில் போடத் தைரியம் வராமல் பெட்டியில், கவருக்குள்தான், வைத்திருந்தேன். இதை எழுதிய மறுநாள், வெள்ளிக்கிழமை, மேனேஜர் பசை அறையில் உட்கார்ந்தார். மதியத்துக்குள் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், முதல் வேலையாக ஃபேனுக்கு ஆர்டர் கொடுத்தார். அன்று சாயங்காலமே நீ போன் பண்ணி, "எட்டு பேட்ஜும் பிரிக்காத பேட்ஜும் அச்சு அசலா ஒண்ணா இருக்கே, கவரைக் கழட்டினியா அண்ணா? அந்த ஒண்ணைக் குடுத்ததே உன்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான்!" என்று சிரித்தாய். ஆக, இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. ஒரு செய்திக்காக மட்டும் அனுப்புகிறேன். பசையை மாற்றியாயிற்று, உன் அண்ணி அன்றிலிருந்து பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறாள். மறுபடி அளக்க நீ அனுப்பிய பேட்ஜ்கள் இன்று வந்தன. எட்டுக் கவரையும் அவளே நகத்தால் கிள்ளிக் கிழித்தாள். அதே வேகத்தில் பிரிக்கக் கூடாததிலும் கை வைத்தாள். நான் பதறிப்போய் அவள் விரலை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

"ஐயோ, விடுங்க, வலிக்குது!" என்றாள்.

வலிக்குதாம், தங்கச்சி!