சோன் டிஃபென்ஸும் லைட் கம்பமும்

தியாகராய நகர், சென்னை-17
14-10-96

விருதுநகர் மைத்துனர் திரு. ஜவஹர் அவர்களுக்கு, அத்தான் சிதம்பரநாதன் எழுதுவது. உன் அக்காள் மீனாட்சி, மகள் ஜெயஸ்ரீ, பாத்திரக் கடை, மூன்றும் சுகம். உங்கள் பக்கம் மழையும் வியாபாரமும் குறைவில்லாமல் பெய்ய முருகன் துணை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை நந்தனம் மைதானத்தில் ஜெயஸ்ரீயின் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் டீம் ஜெயித்தது. நான் தோற்றேன்.

ஆடி மாசமே ஜெயஸ்ரீ ஆரம்பித்துவிட்டாள். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் கோயம்புத்தூரில் கேம்ப்பாம், மாநில டீமுக்கு அங்கேதான் ஆள் எடுப்பார்களாம். எந்தப் பத்து நாள் பார் மாப்பிள்ளை! தலைதீபாவளிச் சீருக்குக் குடும்பம் குடும்பமாக வந்து அண்டா, குத்துவிளக்கு என்று அள்ளிப்போகிற பத்து நாள். ஒன்பதாவது படிக்கிற என் மகள் பில் டேபிளில் உட்கார்ந்தால் பதினெட்டு ஆள் ஒழுங்காக வேலை பார்க்கிறான், நான் உட்கார்ந்தால் பாதிப்பேர் டீ குடிக்கப் போகிறான். முடியாது என்று சொன்னால் அழுவாள். அதனால் ஒரு பேரம் போட்டேன். அடையாறில் ஒரு பள்ளிக்கூடம், நாலு வருஷமாக யாரிடமும் தோற்றதில்லை என்று விசாரித்து வைத்திருந்தேன். சரக்கைப் பார்க்காமல் விலை பேசுகிறவனா நான்? "அவங்களை ஜெயிச்சுட்டு வா, நானே ரயில் ஏத்திவிடுறேன். தோத்தா தீபாவளி முடிய பில் டேபிள்" என்றேன். "கடை மேல சத்தியமா?" என்றாள். "கடை மேல சத்தியம்" என்றேன்.

அவள் தோற்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்று கடையை விட்டுவிட்டு நாலு மணிக்கே போய்விட்டேன். அழுதால் சமாதானம் பண்ண அரைக் கிலோ மைசூர்பாகும் கையில். பக்கத்தில் மயிலாப்பூர் விஜயலக்ஷ்மி மாமி, கேப்டன் ஹம்சாவின் அம்மா. பாதி ஆட்டத்தில் அடையாறு பதினெட்டு, நம்ம பிள்ளைகள் ஒன்பது. எனக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும், குளிரவில்லை. அந்த அடையாறுப் பெண்கள் ஒருத்தி பின்னாலும் ஓடவில்லை. ஆளுக்கு ஒரு இடத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நம்ம பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டே போய் அந்தக் கைகளுக்குள் தாமே விழுகிறார்கள். மாமியிடம் கேட்டேன்.

"அவா ஆளைப் பிடிக்க மாட்டா மாமா, இடத்தைத்தான் பிடிப்பா. முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி மூணு பேர். சோன் டிஃபென்ஸ்னு பேர். எங்காத்துல ஒரு வாரமா சாதம் போடறச்சேகூட இதையேதான் சொல்லிண்டிருக்கா" என்றார்.

"ரெண்டு பேர் இடத்துக்கும் நடுவுல போய் நின்னா எவ பிடிப்பா?"

"அவ பிடிப்பான்னு இவ இருப்பா, இவ பிடிப்பான்னு அவ இருப்பா."

மாப்பிள்ளை, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறுபத்தொன்பதாம் வருஷம்! பனகல் பார்க்கைத் தாண்டிக் கோணிச்சாக்கு விரித்து டீ வடிகட்டிகள் விற்றோமே, நீயும் நானும். ரெண்டு போலீஸ்காரர், ஆளுக்கு ஒரு பக்கம் எல்லை, நடுவில் ஒரு லைட் கம்பம். அந்தக் கம்பத்துக்குச் சரியாகக் கீழே சாக்கை விரித்ததுதான் நம் முதல் கடை. "கம்பத்துக்கு இந்தாண்ட உன்னுதுய்யா", "யோவ், அந்தாண்ட உன்னுது" என்று அவர்கள் முடிவு பண்ணுவதற்குள் ரெண்டு டஜன் போயிருக்கும். அப்புறம் நீ வெறும் சாக்கைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடுவாய். ரெண்டு பேரும் உன் பின்னால் வருவார்கள். நான் மேற்கே நிம்மதியாக விற்பேன். சாயந்தரம் ஒரு பன், ஒரு டீ, ரெண்டு பேருக்கும். பெரிய பாதி எப்போதும் உனக்கே போகும், ஓடினவன் நீ என்பதால். இன்றைக்கு நாலு மாடி, குளிர்சாதனம், எல்லாம் இருக்கிறது. நான் சொன்னால் சிரிக்க ஒரு ஆள் கிடையாது. எல்லாரும் "சரிங்க முதலாளி" என்கிறான்.

எழுந்துவிட்டேன். பேரமாவது சத்தியமாவது! நம் பிள்ளை வழி தெரியாமல் நிற்கிறது. "ஜெயா! லைட் கம்பத்துக்குக் கீழ நில்லு!" என்று கத்தினேன். மைதானமே அண்ணாந்து லைட்டைப் பார்த்தது. விசில். கோச் அஸ்மத்துன்னிசா டீச்சர் நேராக வந்தார். "சார், நீங்க ஜெயஸ்ரீ அப்பாவா? அப்படின்னா கொஞ்ச நேரம் வெளியே போய் அப்பாவா இருங்க" என்றார். நாலு மாடிக்காரன், வேலிக்கு வெளியே! அங்கே ஒரு வேர்க்கடலைக்காரர். "இன்னா நைனா, தொரத்திட்டாங்களா? இங்கேர்ந்து கத்து, சோக்கா கேக்கும். எது ஒன் டீமு?" "பச்சை." "தோத்துக்கினு கீதே!"

ஆனால் பார், ஜெயஸ்ரீ போய் நின்றாள். முன்னால் ரெண்டு பேருக்கும் பின்னால் மூணு பேருக்கும் நட்டநடுவில், நம் கம்பத்தடியில். பந்து அவள் கைக்கு வந்ததும் முன்னால் நின்றவள் திரும்பினாள், பின்னால் நின்றவள் ஓரடி வந்தாள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? அதற்குள் பந்து மூலையில் ஹம்சாவிடம், அங்கிருந்து வளையத்துக்குள். அப்புறம் மூணு பேர் வலது பக்கம் கூட்டம் போட்டு, எல்லாரும் அங்கே திரும்பியதும் பந்தை இடது பக்கம் நீளமாக வீசினார்கள். அங்கே காத்துக்கொண்டிருந்தவளைத் தடுக்க ஆளே இல்லை. நீ கிழக்கே ஓடியது போலவே! முப்பத்தொன்றுக்கு இருபத்தெட்டு. வேலியைப் பிடித்து ஆட்டிக் குதித்ததில் என் வேட்டி கம்பியில் கிழிந்தது. ஆட்டோவில் மைசூர்பாகு முழுவதையும் தின்றுவிட்டுக் கையை நீட்டி, "அப்பா, ரயில் டிக்கெட்" என்றாள். என் தொண்டையை வைத்து என் பேரத்தை நானே கெடுத்துக்கொண்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, நீ உடனே புறப்பட்டு வா. பத்து நாளும் நீயும் நானும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். வேளாவேளைக்கு உன் அக்காள் கை மீன்குழம்பு. பழைய கதை பேச ஆள் வேண்டும், சீசனில் கடையை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் நோய் நொடி இல்லாத தீபாவளியும் கடன் சொல்லாத வாடிக்கையும் அமைய ஆசீர்வதிக்கும்,
சிதம்பரநாதன்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன் ஜெயஸ்ரீயிடம் படிக்கக் கொடுத்தேன். நடுவில் போய் நிற்பதை டீச்சர் ஜூன் மாசத்திலிருந்தே பழக்கிவிட்டாராம். பின்பாதிக்கென்று எடுத்து வைத்திருந்தார்களாம். நான் கத்தியதும் இவளும் லைட்டைப் பார்த்ததில் ஒரு பந்து பறிபோனதுதான் மிச்சமாம். போகட்டும். நீ அவசியம் வா, ஆனால் நான் கடையில் இருக்க மாட்டேன். கோயம்புத்தூருக்கு ரெண்டு டிக்கெட்டாக எடுத்துவிட்டேன். அவள் போட்ட கண்டிஷன்: கடைசி வரிசையில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, யாருடைய அப்பா என்று எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், படியவில்லை. ஒரு தடவைக்கே முடித்துக்கொண்டோம்.