சமையல்காரன் கையுறையைக் கழற்றுகிறான்

சமையல்காரனின் கையுறையில் ஒரு விரல் கிழிந்திருப்பதை மோப்பக்காரர் பார்த்துவிட்டார்.

"சம்பந்தி, கவனிச்சீங்களா..." என்று நாற்காலி நுனிக்கு வந்தார். அதற்குள் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது: "சமையல்காரன் கையுறையைக் கழற்றுகிறான். அதில் ஒரு விரல் கிழிந்திருக்கிறது."

"யாருய்யா இவ, நடுவுல நடுவுல?"

மோப்பக்காரர் என்பது தெரு வைத்த பெயர். காப்பீட்டுக் கம்பெனியில் முப்பது வருஷம் இழப்பீட்டு விசாரணை அதிகாரியாக இருந்தவர். எரிந்த கடையின் சாம்பலை முகர்ந்தே, கொளுத்தியது முதலாளியா மின்கசிவா என்று சொல்லிவிடுவார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருவுக்குச் சொன்னவர் அவரேதான்.

எதிர் சோபாவில் அவருடைய சம்பந்தி, ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். போன தடவை சேர்ந்து பார்த்த படத்தில் கொலைகாரனை முதலில் சொன்னது வாத்தியார். அந்தச் செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறி, இருபத்து மூன்று பேர் கைதட்டல் பொம்மை போட்டதில் மோப்பக்காரருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போன மானத்தை மீட்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியைத் தம்பதியாக வரவழைத்து, குதிரைவண்டிக் காலத்துத் துப்பறியும் படம் ஒன்றைப் போட்டிருந்தார். பெண்கள் இருவரும் வழக்கம்போல் அடுப்படியில் பலகாரத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள்.

"இது ஒரு உத்தி, சம்பந்தி" என்றார் வாத்தியார். "ஊமைப்படக் காலத்துல திரைக்குப் பக்கத்துல நின்னு ஒருத்தர் கதை சொல்லுவாரு. டைரக்டர் அதை அப்படியே கொண்டாந்திருக்காரு. படிச்ச மனுஷன்."

"என்ன உத்தி? துப்பறியறவன் பூதக்கண்ணாடியைத் துடைக்கறதுக்குள்ள இவ தடயத்தை எடுத்து நீட்டுறா! அப்புறம் அவன் எதுக்கு? நான் எதுக்கு?"

"வாசலில் சேறு படிந்த காலடி. இடது காலணியில் குதிகால் இல்லை" என்றது குரல்.

"பாத்தீங்களா! அதை நான் சொல்ல இருந்தேன்!"

"சொல்லியிருக்கலாமே" என்றார் வாத்தியார், இல்லாத மீசையை முறுக்கியபடி.

மோப்பக்காரர் சத்தத்தைக் குறைத்தார். குரல் குறைந்தது, கூடவே படத்தில் எல்லோரும் வாயை மட்டும் அசைத்தார்கள். யார் யாரை மிரட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. இதற்குள் அடுப்படியிலிருந்து மனைவி, "ஏங்க, டிவிக்கு என்ன ஆச்சு? சத்தத்தையே காணோம்!" என்று கத்தினாள்.

"நீ உன் வேலையைப் பாரு!"

வசனத்தை எழுத்தில் வரவழைத்துப் பார்த்தார். எழுத்தைப் படித்து முடித்து நிமிர்ந்தபோது இரண்டாவது கொலை முடிந்து, பிணத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆத்திரத்தில் ரிமோட்டில் கைக்கு வந்ததை எல்லாம் அமுக்க, படம் தொடக்கத்துக்கே ஓடிப்போய், சத்தம் மட்டும் உச்சிக்கு ஏறியது.

"இருள்! ஒரு குதிரை வருகிறது!" என்று குரல் தெருவுக்கே அறிவித்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

இந்த அமர்க்களத்தில் மகன் கடைத்தெருவிலிருந்து வந்து சேர்ந்தான். ஒரு நிமிஷம் நின்று கேட்டான்.

"அப்பா, இது பார்வை இல்லாதவங்களுக்குக் காட்சியை விளக்கிச் சொல்ற குரல். யாரோ செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணியிருக்காங்க." இரண்டு பொத்தானை அமுக்கினான். குரல் அடங்கியது.

யாரோ! முப்பது வருஷத்து விசாரணை அதிகாரி மோப்பக்காரருக்குள் விழித்துக்கொண்டார். வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் கூடத்துல தனியா உக்காந்திருந்தது யாரு, சம்பந்தி?"

"நான்தான். அதுக்கென்ன?"

"ரிமோட் யார் பக்கத்துல இருந்தது? என் வாயை அடைச்சா யாருக்கு லாபம்? உத்தி, ஊமைப்படம்னு பூசி மெழுகினது யாரு?"

"என்னையா சந்தேகப்படறீங்க?" வாத்தியார் எழுந்துவிட்டார். மூக்குக்கண்ணாடி ஆடியது. "நாலு எழுத்துப் படிச்சவனை வீட்டுக்குக் கூப்பிட்டுக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தறீங்களே! பொண்ணைக் குடுத்த வீடாச்சேன்னு பாக்கறேன்."

"அப்பா, விடுங்கப்பா" என்றான் மகன், மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டே. பெண்டாட்டிக்கு யார் பதில் சொல்வது என்று அவனுக்கு உதறல்.

"விடமாட்டேன். குடும்பக் குழுவுலயே எழுதுவேன்!"

"எழுதுங்க! தாராளமா எழுதுங்க!" வாத்தியார் செருப்பைத் தேடிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூவினார்: "ஏம்மா, கிளம்பு! இந்த வீட்டுல இனி ஒரு வாய் தண்ணி குடிச்சா நான் மனுஷன் இல்ல!"

கரண்டியும் கையுமாக வந்த சம்பந்தியம்மா, புருஷனை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே மோப்பக்காரரிடம் கேட்டாள்:

"இவரு பேப்பர்ல மூழ்கியிருந்தப்ப நான் வந்து போட்டுவச்ச குரலை ஏன் அண்ணா நிறுத்தினீங்க? அடுப்படியில நிக்கிற நாங்க ரெண்டு பேரும் வேற எப்படிப் படம் பாக்கறதாம்? வைத்தியர்தான் கொன்னாருன்னு நாங்க கண்டுபிடிச்சு அரை மணி ஆச்சு, அந்தத் துப்பறியறவன் எப்பத்தான் கண்டுபிடிக்கிறான்னு கேக்க வேண்டாமா?"