தியாகராசா கட்டிய காற்றுமேடை

யாழ்ப்பாணத்து வீட்டு வளவுக்குள் வெறும் வெளி உண்டு என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. நில அளவையாளர்கள்கூட வீட்டையும் கிணற்றையும் கீறிவிட்டு மிச்சத்தை வெள்ளையாக விட்டுவிடுகிறார்கள். இது பாரதூரமான பிழை. பல கல்விமான்களையும் ஒரு பென்சன்காரரையும் இது படுகுழியில் தள்ளியிருக்கிறது. அந்த வெள்ளைப் பகுதியில் ஒரு சாண்கூடச் சும்மா கிடப்பதில்லை. காலையில் அங்கே நெல் காய்கிறது. மத்தியானம் மிளகாய் காய்கிறது. இரண்டும் இல்லாத வேளையில், அவை காய்வதற்கான உரிமை காய்கிறது.

தெல்லிப்பழைத் தியாகராசா இதை ஐம்பத்தாறாவது வயதில் கற்றார். மலாயா ரயில்வேயில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து, பென்சனோடு ஊர் திரும்பியவர் அவர். வரும்போது ஒரு சாய்மனைக் கதிரையும், அதில் வெளியே காற்றாடக் கிடந்து பேப்பர் படிக்கும் ஆசையும் கொண்டுவந்தார். ஈப்போவில் அவருடைய துரை மாலை தோறும் அப்படித்தான் கிடந்தார். முப்பது வருடம் பக்கத்தில் கட்டுக் கடதாசியோடு நின்று பார்த்த தியாகராசாவுக்கு, கிடக்கும் முறை நன்றாகத் தெரியும். கிடக்க இடம்தான் இல்லை.

மாமரத்தின் கீழ்க் கதிரையைப் போட்டார்.

"அது மாட்டுக் கண்டு கட்டுற இடமெல்லோ?" என்றாள் மனைவி அருமைநாயகி.

கிணற்றடிக்குப் போனார்.

"தண்ணி அள்ள வாற பொம்பிளையள் என்ன நினைப்பினம்?"

முற்றத்தின் நடுவே போட்டார்.

"இஞ்சேருங்கோ, உங்கடை நிழல் மிளகாயிலை விழுது. கொஞ்சம் அங்காலை."

பத்து மாதத்தில் அந்தக் கதிரை வளவை மூன்று முறை வலம் வந்தது. கோயில் தேருக்குக்கூட வருடத்தில் ஒருமுறைதான் அந்த வேலை.

ஆவணி பிறந்த அன்று தியாகராசா முடிவெடுத்தார். தமக்கென்று வெளியே ஒரு மேடை. பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. பெயர், காற்றுமேடை. அரியாலையில் இருந்த பழைய ஈப்போ நண்பர் இராசநாயகத்துக்கு உடனே கடிதம் எழுதினார்: 'இருபத்தெட்டாந் தேதி சனிக்கிழமை எமது காற்றுமேடையில் தேநீர். துணைவியாரையும் அழைத்து வருக.' கடிதத்தைத் தபாலில் சேர்த்த பிறகுதான் மனைவியிடம் சொன்னார். கோட்டையை இடித்த பின் யுத்தப் பிரகடனம் செய்வது அவருடைய தந்திரம்.

யுத்தம் நடக்கவில்லை.

"கட்டுங்கோவன். உங்களுக்கும் ஒரு இடம் வேணுமெல்லோ," என்றாள் அருமைநாயகி.

தியாகராசா திகைத்துப்போனார். மூன்று நாளைக்கு வேண்டிய வாதங்களை அவர் எழுதி வைத்திருந்தார்.

"எங்கை கட்டப்போறியள்?"

"மாமர நிழலிலை."

"ஓம், நல்லது. மாங்காய் தலையிலை விழுந்தாலும் இராசநாயகம் அண்ணை கோவிக்கமாட்டார்."

தியாகராசா தாம் கீறி வைத்திருந்த படத்தில் மேடையை அழித்து, மரமே இல்லாத தெற்கு மூலையில் கீறினார். காற்றுக்குத் திறந்த வெளியே உத்தமம் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினார்.

"எவ்வளவு உயரம்?"

"ஒரு அடி."

"போதும், காணும். ஆடும் நாயும்தானே ஏறும். அதுகளும் பாவம்."

ஒரு அடி நாலரை அடி ஆயிற்று.

"கூரை தென்னோலைக் கிடுகோ?"

"பின்னை?"

"கிடுகெண்டால் காத்து மேலாலை வராது. அதாலை என்ன, பக்கத்தாலை வருந்தானே. கொஞ்சமாய்."

காற்றுமேடை என்று பெயர் வைத்துவிட்டுக் காற்றைத் தடுப்பது தர்க்கத்துக்கு ஒவ்வாது. கூரை போயிற்று. மழைத் தண்ணீர் தேங்கும் என்பதால் தட்டுப் பலகையும் போயிற்று. இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பனஞ்சலாகை வந்தது. கல்லில் படி கட்டினால் கோழி ஏறும் என்பதால், எடுத்து வைக்கக்கூடிய ஏணி வந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் தியாகராசா தாமே கண்டுபிடித்தார். அவள் கேள்வி மட்டுமே கேட்டாள்.

தச்சு வேலைக்கு வந்த ஓடாவி யாகோப்பு படத்தை நேராகப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார்.

"ஐயா, உது ஆர் சொல்லிக் கட்டிறியள்?"

"ஏன் காணும்? நான்தான் யோசிச்சனான்."

"இல்லை, எங்கடை வீட்டிலையும் ஒண்டு கிடக்கு. அதான் கேட்டனான்."

"உம்மடை வீட்டிலையோ? துரைமாருக்கே இப்பிடி ஒண்டு இல்லை!"

"ஓம் ஐயா. அவையளுக்குத் தேவைப்படாது."

யாகோப்பு படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். நாலு மூலையிலும் வைரமான முதிரை மரக் கால் நட்டு, சலாகைகளை வழுவழுவென்று சீவி அடித்து, வெள்ளிக்கிழமை வேலையை முடித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை, விருந்தாளிகளுக்குப் பீங்கான் கோப்பையும் பிஸ்கற்றும் வாங்கத் தியாகராசா ரயிலேறி யாழ்ப்பாணப் பட்டணம் போனார். மத்தியானம் திரும்பிப் படலையைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

காற்றுமேடை முழுவதும் பாய் விரித்திருந்தது. பாய் முழுவதும் மஞ்சட் செம்மையாகப் பனம்பழக் களி. அயல் பெண்கள் இரண்டு பேர் முழங்கை வரை களியோடு நின்று பனங்காய் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஏணியைக் காணவில்லை.

பனாட்டுப் பந்தரைத் தியாகராசா அறியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உயரமான பந்தரில் விரித்த பாயில் பனங்களியை ஊற்றி, காயக் காய மேலே மேலே ஊற்றிப் பனாட்டு ஆக்குவதைச் சின்ன வயதில் கண்டவர்தான். ஆனால் அவர் கண்ட பந்தரெல்லாம் கோணல் தடியில் கட்டியவை. அளவுத்திட்டம் போட்டு, முதிரைக் காலில் நிறுத்திய பனாட்டுப் பந்தரை அவர் கண்டதில்லை. தெல்லிப்பழையில் ஒருவருமே கண்டதில்லை.

"இதென்ன வேலை, அருமை?"

"புதுசாய்க் கட்டினதிலை முதல் இனிப்பு வைக்கிறதெல்லோ முறை? பனங்காயும் விழத் தொடங்கிட்டுது."

"அப்ப பழைய பந்தர்?"

"அதைக் கறையான் திண்டிட்டுது. ஆடியிலை உங்களிட்டைச் சொன்னனான். 'பாப்பம்' எண்டனீங்கள். நல்லாய்த்தான் பாத்திருக்கிறியள்."

"இதை எப்ப எடுப்பாய்?"

"இருபது நாளிலை காஞ்சிடும்."

"பிறகு நான் இருக்கலாமோ?"

"பிறகு ரண்டாம் பாய் போடோணும். தையிலை பனங்கிழங்கு ஒடியல். மாசியிலை மிளகாய். சித்திரையிலை புழுங்கல் நெல்லு..."

"அப்ப நான் எப்பதான் இருக்கிறது?" என்றார் தியாகராசா. பிஸ்கற் தகரத்தை நிலத்தில் வைத்தார்.

அருமைநாயகி நியாயமாகவே யோசித்தாள்.

"ஐப்பசி, கார்த்திகையிலை நான் ஒண்டும் காயப் போடமாட்டன். முழுக்க உங்களுக்குத்தான். மழையெல்லோ."

தியாகராசா அண்ணாந்து பார்த்தார். கூரை இல்லாத இடத்தில் வானம் இருந்தது.

நாலு மணிக்கு இராசநாயகமும் மனைவியும் வந்தார்கள். முற்றத்தில் மிளகாய், மாமரத்தின் கீழ்க் கன்று. நிழல் இருந்தது மேடைக்கு அடியில் மட்டும். நாலரை அடி உயரத்துக்குள், முப்பது வருட அரசாங்க சேவை செய்த இரண்டு பேர் குனிந்து நுழைந்து, பாயில் சம்மணமிட்டு, பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தார்கள்.

"ஐசே, நல்ல குளிர்ச்சி," என்றார் இராசநாயகம். "ஆர் போட்ட பிளான்?"

"முழுக்க இவர்தான். எனக்கு உதுகள் என்ன தெரியும்?" என்றாள் அருமைநாயகி வெளியே நின்று.

இராசநாயகத்தின் மனைவி உள்ளே வரவில்லை. அவர் மேடையை இரண்டு முறை சுற்றி வந்தார். முதிரைக் காலைத் தட்டிப் பார்த்தார். சலாகைக்குச் சலாகை இடைவெளியை விரல் வைத்து அளந்தார். பிறகு அருமைநாயகியோடு குசினிக்குள் போய் வெகுநேரம் இருந்தார்.

அடுத்த புதன்கிழமை தியாகராசாவுக்கு அரியாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் திருமதி இராசநாயகம். மேடைப் படத்தின் பிரதி ஒன்று வேண்டுமாம். தம்முடைய கணவருக்கு இப்போதைக்குத் தெரிவிக்க வேண்டாமாம்.

தியாகராசா அன்றே பிரதி எடுத்து, அளவுகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, பதிவுத் தபாலில் அனுப்பினார்.