ராசாங்கம் பெடலோடு பொருத படலம்

செம்மண் புழுதியே திருநீறாய்ப் படிந்த நெற்றியன், கிரீஸ் கறையே சந்தனமாய்ப் பூசிய தோளன், இருபத்திரண்டு வயதான பிக்கப் வண்டியைத் தேரெனப் போற்றும் கொள்கையன், செந்துறைக்கு மேற்கே முந்திரித் தோப்புக்கு நடுவே கோலோச்சும் ராசாங்கம் என்னும் பெருந்தகை வாழ்க. அவன் வலக்கால் வாழ்க. அந்தக் காலின் கீழே கள்ளத்தனமாய்த் தாழ்ந்து தாழ்ந்து தரையைத் தொட்ட பிரேக் பெடல் என்னும் பெரும்பகையும் வாழ்க. பகை இல்லாவிட்டால் வீரனைப் பாட ஆள் ஏது.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். பெரம்பலூரில் வாழும் தங்கை சசிகலாவின் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தக் காதும் குத்தப்படாத நாடு இது. இருபத்தோரு தட்டுச் சீரும், கொம்பில் மஞ்சள் பூசிய கிடாவும் புறப்படக் காத்திருந்தன. தங்கை கணவன் சுதர்சனோ புத்தம்புது பிக்கப் வாங்கிய செருக்கன். முந்தின வாரமே போனில் முழங்கியிருந்தான்.

“மச்சான், உங்க வண்டி பெரம்பலூர் வரைக்கும் வந்து சேருமா? நம்ம வண்டிய வேணா அனுப்பட்டுமா?”

“என் சீரு என் வண்டியிலதான் வரும் மாப்ளே. ஊரே பாக்க வந்து நிக்கும்” என்று சூளுரைத்தான் நம் கோமான்.

வருவதில் ஐயமில்லை, நிற்பதில்தான் ஐயம். முதல் நாள் அந்தியில், சுண்ணாம்புக்கல் சுமந்து அரியலூர் நோக்கி அணிவகுக்கும் லாரிக் களிறுகளின் பின்னே இவன் தேர் சென்றபோது, முன்சென்ற களிறு சட்டென நிற்க, இவன் மிதிக்க, பெடல் பஞ்சு மூட்டையில் புதைந்த கால்போல் உள்ளே உள்ளே போக, மறுபடி மறுபடி மிதித்துக் கைப்பிரேக்கையும் பிடுங்கி இழுத்து, களிற்றின் வாலுக்கு ஒரு சாண் இடைவெளியில் உயிர் தப்பினான். பக்கத்தில் இருந்தவள் இல்லக்கிழத்தி அம்சவள்ளி. இறங்கிய பிறகு ஒன்று சொன்னாள்.

“இது நிக்கிற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன்.”

அன்றிரவே மெக்கானிக் ஜெயசீலனின் பட்டறையில் நுழைந்த வேந்தன், நோய் இன்னதென்று சொல்லாமல் மருந்து இன்னதென்று ஆணையிட்டான்: “பிரேக் லைனிங்க மாத்துடா.” அவனும் மாற்றினான். பெடல் மாறவில்லை.

விடிந்தது. ஞாயிற்றுக்கிழமை. பதினொன்றாம் எண் ஸ்பேனர் என்னும் கூர்வாள் ஏந்தி, கோணிப்பாசறை விரித்துத் தேரின் அடிவயிற்றுக்குள் மல்லாந்து புகுந்தான் மாவீரன். நான்கு சக்கரங்களின் உள்முகத்தையும் தடவினான், ஈரம் இல்லை. குழாய்களை ஒற்றர்போல் துருவினான். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஆகவே குழாய்க்குள் காற்று என்னும் கள்வன் ஒளிந்திருக்கிறான் என்று தெளிந்து, அவனை விரட்ட மனைவியை ஓட்டுநர் பீடத்தில் ஏற்றினான்; அவள் பெடலை மிதித்துப் பிடிக்க, இவன் சக்கரத் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவது போர்முறை. நிற்கிற வண்டி என்பதால் அவளும் ஏறினாள்.

“மிதி.”

“மிதிச்சிட்டேன்.”

“புடி. புடிச்சுக்க. விட்டுறாத.”

“புடிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்.”

“விட்டுட்ட. காத்து உள்ள போயிருச்சு.”

“நான் எங்க விட்டேன்? அது பாட்டுக்கு இறங்குது.”

“திருகு மூடியிருக்கையில எப்புடிடி இறங்கும்?”

இவ்வண்ணம் பின்சக்கரம் இரண்டும் முன்சக்கரம் இரண்டும் முறையே முற்றுகையிடப்பட்டு, இரண்டு புட்டி பிரேக் ஆயில் செங்குருதியாய்ச் சிந்தப்பட்டு, கிடா கட்டுத்தறியில் நின்று இந்தப் பெரும்போரை அசைபோட்டுப் பார்த்திருக்க, கள்வன் ஒருவனும் அகப்பட்டானில்லை. காவலன் சலித்து ஸ்பேனரை எறிந்துவிட்டு டீ குடிக்கப் போனான். அம்சவள்ளி மட்டும் காலை எடுக்கவில்லை. வேண்டுமென்றே ஒரே அழுத்தமாய் மிதித்தபடி இருந்தாள். பெடல் மெல்ல மெல்ல, தூங்கி விழுகிறவன் தலைபோல், தரைக்குப் போனது. இறங்கி வந்து பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தாள். திரும்பி வந்த கணவனிடம் கேட்டாள்.

“ஏங்க, ஊத்துன மட்டத்துலயே ஆயில் நிக்குது. வெளியிலயும் ஒழுகல. நம்ம பருத்திக்கு மருந்தடிக்கிற டேங்குல வாஷர் தேஞ்சா என்னா ஆவும்?”

“அடிக்க அடிக்க வேகமே வராது.”

“வெளியில ஒழுகுமா?”

“உள்ளுக்குள்ளயே திரும்பிரும்…” என்று தொடங்கிய வாய் அப்படியே நின்றது. வண்டி நிற்காவிட்டாலும் வாய் நின்றது.

நின்ற வாயைச் சரிசெய்துகொண்டு ஜெயசீலனுக்குப் போன் போட்டு, தானே கண்டறிந்த மெய்ஞ்ஞானம்போல் அனைத்தையும் விளக்கினான்.

“பெடலுக்கு அழுத்தம் குடுக்கிற மாஸ்டர் சிலிண்டர்தாண்ணே. உள்ள ரப்பர் போயிருக்கும்” என்றான் அவன்.

“இத ராத்திரியே ஏன்டா சொல்லல?”

“நீங்க எங்கண்ணே கேட்டீங்க? லைனிங்க மாத்துன்னீங்க, மாத்துனேன். இன்னிக்கி ஞாயித்துக்கெழம, அரியலூர்ல ஒரு ஸ்பேர் கடையும் தொறக்க மாட்டான்.”

அப்போதும் அடங்கவில்லை நம் அடலேறு. கியரைக் குறைத்தே போய்விடலாம், கைப்பிரேக்கு போதும், லாரிகளுக்கு நடுவே தன் கைத்திறனை நாடு காணட்டும் என்று திக்கெட்டும் அதிர முழங்கிச் சாவியைத் தூக்கினான். அம்சவள்ளி தட்டுகளை இரண்டு கட்டைப்பையில் அடுக்கி முடித்து, கிடாவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

“புள்ளைக்கு மாமன் மடிதான் வேணும். வண்டிய மடியில வச்சா காது குத்தப் போறாங்க? நான் பஸ்ல போறேன். மாமன் வரதுன்னா வரட்டும்.”

சாவி ஏந்திய திருக்கை உயர்ந்தபடியே சிறிது நேரம் இருந்தது. பின்பு, படை முழுதும் இழந்த பேரரசன் கொடியை இறக்குவதுபோல், அங்குலம் அங்குலமாய்த் தாழ்ந்தது.

செந்துறையிலிருந்து ஒன்பதேகால் பஸ்ஸில் போனார்கள், கிடாவுக்கும் டிக்கெட் எடுத்தார்கள்.