பெண்கள் அலமாரி

ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போன எட்டுப் புத்தகங்களும் திரும்பி வந்துவிட்டன. ஏழு புத்தகங்களில், கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் செருகி வைத்திருந்த மாதா படம் செருகிய பக்கத்திலேயே இருந்தது. ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கத்தோலிக்கப் பெண்களுக்கென்று அவர் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த புத்தகங்கள் அவை. அடக்கம், பொறுமை, இல்லறத்தில் பணிவிடை. 'பெண்கள் பெயரில் மட்டுமே எடுக்கலாம்' என்று அலமாரிக் கண்ணாடியில் அவரே எழுதி ஒட்டியிருந்தார். புதிதாக வந்த பங்குச்சாமியார் அதற்கு ஒரு மாதம் கெடு வைத்துவிட்டார்.

"யாரும் படிக்கலைன்னா மூட்டை கட்டிடலாம். பாட்டுக்குழுவுக்கு இடம் வேணும்."

அதனால்தான் போன வாரம் பூசை முடிந்ததும் வாசலில் நின்று, வந்த பெண்கள் கையிலெல்லாம் புத்தகத்தைத் திணித்தார்.

"உங்க முகத்துக்காக வாங்கிட்டுப் போனாங்க," என்றாள் அவர் மனைவி. "அதுசரி, நீங்க இதையெல்லாம் படிச்சிருக்கீங்களா?"

"படிக்காமலா பட்டியல் போட்டேன்?"

"படிச்ச மாதிரி தெரியலையே," என்றபடி, அவர் தரையில் போட்ட துண்டை எடுத்து மடித்தாள்.

எட்டாவது புத்தகத்தில்தான் உயிர் வந்தது. பதினேழாம் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்குடன் ஒரு கட்டைவிரல் தடம். பதிவேட்டைப் பார்த்தார். நர்ஸம்மா. அதுவும் மூன்றாவது தடவை.

"அடுப்படியில வச்சே படிச்சிருக்கு, மகராசி!"

சாமியார் அறைக்குப் போவதற்குள் ஒரு தடம் எட்டாகிவிட்டது.

"எல்லாரும் விழுந்து விழுந்து படிக்கிறாங்க, ஃபாதர்."

"அப்படியா? வர்ற ஞாயிறு நானே ரெண்டு கேள்வி கேக்கறேன்."

நுணலும் தன் வாயால் கெடும். உபதேசியார் சனிக்கிழமை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். எந்தக் கேள்வி வரும் என்று தெரியாததால், எதற்கும் பொருந்தும் ஒரு பதிலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அலமாரிக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

"பிள்ளை பொய் சொன்னா என்ன செய்யணும்?" என்று கேட்டார் சாமியார்.

"பொறுமை," என்றாள் தையல்காரி.

"வீட்டுல அரிசி தீர்ந்துட்டா?"

"பொறுமை," என்றாள் தபால்காரர் மகள்.

"ஜெபம் சொல்றப்ப தூக்கம் வந்தா?"

"பொறுமைதான், ஃபாதர்," என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள்.

சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் மாதா சுரூபத்தைப் பார்த்தார். கடைசி நம்பிக்கையாக நர்ஸம்மா பக்கம் கை காட்டினார்.

"இவங்களைக் கேளுங்க ஃபாதர். மூணு தடவை எடுத்திருக்காங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பூசைக்கு வந்திருந்த நர்ஸம்மா தூக்கக் கண்களோடு எழுந்து நின்றாள்.

"களைச்சு வீட்டுக்கு வர்றவங்களை எப்படி வரவேற்கணும்?"

நர்ஸம்மா யோசித்தாள். தலையைக் குனிந்தாள். "எனக்குத் தெரியலை, ஃபாதர்."

சாமியார் பெருமூச்சு விட்டு அலமாரிச் சாவிக்குக் கை நீட்டினார். உபதேசியார் அதை இடுப்பிலிருந்து அவிழ்த்து நீட்டினார். எத்தனை வருஷத்துச் சாவி.

"முதல்ல ஒரு சொம்புத் தண்ணி," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். "செருப்பைக் கழட்டுறதுக்குள்ள எதுவும் கேக்கக் கூடாது. வீட்டுக் கவலையெல்லாம் சாப்பிட்ட பிறகுதான். பதினேழாம் பக்கம்."

எல்லோரும் திரும்பினார்கள். மனைவியை அழைத்துப்போக வந்து நின்ற லாரி மெக்கானிக், நர்ஸம்மாவின் கணவர். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு நகங்களில் இருந்தது.

சாமியார் சாவியை மெல்ல உபதேசியார் கையிலேயே வைத்து மூடினார்.

"அது பெண்களுக்கான புத்தகமாச்சே. நீங்க எப்படி?"

மெக்கானிக் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அதான் அவளை அவ பேர்ல எடுத்துத் தரச் சொன்னேன், ஃபாதர். எங்க வீட்டுல களைச்சு வர்றது அவதானே."