அக்கினி மூலையில் ஒரு ஹீட் பம்ப்

புதன்கிழமை காலை பின்வளவில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் இந்திரகுமார், மனைவி நாகேஸ்வரி, பிளம்பர் செந்தில்நாதன். புல்லில் மல்லாந்து கிடந்த பழைய பொய்லர். தள்ளுவண்டியில் புது ஹீட் பம்ப். நாகேஸ்வரியின் கைப்பேசிக்குள், சிட்னி ஹோம்புஷிலிருந்து, அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் கிருஷ்ணசாமி. அவருக்கு வாஸ்து தெரியும்.

வீட்டில் சுடுதண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை மகள் சுஜீவா ஒன்பது நாள் பிள்ளையோடு வருகிறாள். டண்டினொங்கின் யூலை மாதக் குளிர்காலத்தில் அந்தப் பிள்ளையைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்ட முடியாது.

பழைய பொய்லர் நின்ற இடத்திலேயே புதியதை வைத்தால் அன்று மாலையே வேலை முடியும் என்றார் செந்தில்நாதன்.

"பொறுங்கோ தம்பி. அது அக்கினி மூலை. இது நெருப்போ இல்லையோ எண்டு முதல் பாப்பம்" என்றாள் நாகேஸ்வரி.

இந்திரகுமாருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. இருபது வருடம் களஞ்சியத்தில் இரவு வேலை செய்து, பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கியவர். சூரியன் எந்தப் பக்கம் வருகிறது என்றுகூடப் பார்க்காமல் போன காலம். ஓய்வு பெற்றதிலிருந்து எந்த இயந்திரத்தைக் கண்டாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய வேண்டும்.

காஸ் இல்லை, சுவாலை இல்லை, சுற்றியுள்ள காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த காற்றை வெளியே தள்ளும் என்று செந்தில்நாதன் விளக்கினார்.

"இந்தக் குளிருக்குள்ள எங்க இருந்து தம்பி சூடு எடுக்குது?"

"குளிர்லயும் கொஞ்சம் சூடு இருக்கு சார்."

இந்திரகுமார் அதையே அரைநாள் யோசித்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணசாமிக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. காற்றைக் குடித்துக் காற்றைத் துப்புகிற சாமான் நெருப்பே அல்ல, வாயு மூலையில் வை என்றார்.

மூலைகளை முன்வாசலில் இருந்துதான் எண்ணினார்கள். வாசல் கிழக்கு. போன வருடம் வாங்குவதற்கு முன் ஐந்து வீடுகள் பார்த்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நாகேஸ்வரி கைப்பேசியின் திசைகாட்டியைத் திறந்து பிடித்தாள். ஐந்தும் கிழக்கு. இப்படி ஒரு யோகத்தைத் தான் கண்டதில்லை என்று கிருஷ்ணசாமியே வியந்தார். தெற்கு வாசல் என்றால் நாளைக்குப் பிறக்கும் பேரப்பிள்ளையைப் படியேற்றவே மாட்டேன் என்று நாகேஸ்வரி அப்போதே சொல்லிவைத்திருந்தாள்.

வாயு மூலையில் சீமெந்துத் தளம் போட்டு, இயந்திரத்தை ஏற்றி, சும்மா ஓடவிட்டுப் பார்த்தார்கள். வியாழன் காலை பக்கத்து வீட்டுக்காரி யோகா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். இரைச்சல் நேரே அவளுடைய படுக்கையறை யன்னலுக்குள் போகிறதாம். கவுன்சிலுக்கு எழுதப் போகிறாளாம்.

"உங்களுக்கு அது வாயு மூலை. எனக்கு அது தலைமாடு."

மறுபடியும் ஹோம்புஷுக்கு அழைப்பு. கிருஷ்ணசாமியின் குரலில் இப்போது சிறு தடுமாற்றம். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால் மூலைகள் புரண்டிருக்கவும் கூடும், எதற்கும் மூலையே வேண்டாம், பின்சுவரின் நடுவில் வைத்துவிடு என்றார்.

செந்தில்நாதன் இன்னொரு தளம் போட்டார். குழாயை நீட்டினார். பின்சுவரின் நடுவில்தான் பின்கதவும் இருந்தது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு. வெள்ளி காலை அதைத் திறந்தபோது இயந்திரத்தில் முட்டி, ஒன்றரைச் சாண் இடைவெளியோடு நின்றது. இந்திரகுமார் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து பார்த்தார். சட்டையில் ஒரு பொத்தான் போனது.

"முன்வாசல் இருக்குதானே" என்றாள் நாகேஸ்வரி.

மத்தியானம் குழாயில் சுடுதண்ணீர் வந்தது. பத்து நிமிடத்தில் வந்துவிடுவோம் என்று சுஜீவா அழைத்துச் சொன்னாள். செந்தில்நாதன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். நாகேஸ்வரி அங்கே கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்கோ தம்பி, அச்சொட்டாக் கிழக்கு. பிள்ளை இதாலதான் முதல் அடி உள்ள வரப்போகுது."

செந்தில்நாதன் எட்டிப் பார்த்தார். பிறகு கைப்பேசியை மெல்ல வாங்கிக் குசினிப் பக்கம் திருப்பினார். கிழக்கு. கழிவறைப் பக்கம் திருப்பினார். கிழக்கு.

"அக்கா, இந்தக் கவர்ல காந்த பட்டன் இருக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் இது கிழக்குன்னுதான் சொல்லும்."

நாகேஸ்வரி கவரைக் கழற்றினாள். வாசலைப் பார்த்துப் பிடித்தாள். முள் தடுமாறி, சுழன்று, ஓரிடத்தில் நின்றது.

தெற்கு.

வீதி முனையில் சுஜீவாவின் கார் திரும்பியது.

"இஞ்சருங்கோ, அவையைப் பின்பக்கத்தால வரச்சொல்லுங்கோ" என்றாள் நாகேஸ்வரி கணவரிடம்.

இந்திரகுமார் பிள்ளையின் தள்ளுவண்டி எத்தனை சாண் அகலம் இருக்கும் என்று யோசித்தார். செந்தில்நாதன் படியில் இறங்கியதுதான் தாமதம், அவர் முதுகுக்குப் பின்னால் முன்கதவு சாத்தப்பட்டது. பூட்டு இரண்டு தரம் திரும்பியது.